காரிச்சி மூன்று முறை கேட்ட கேள்வி

காரிச்சிக்கு அநியாயம் நடந்தது. கதை கேட்க உட்கார்ந்திருப்பவர்களே, அதை முதலில் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ராஜா பிறகு வரட்டும். வராமலே போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஈங்கையூரில் பானை வனைந்து பிழைத்தவள் காரிச்சி. மூன்று வருடம் பாடுபட்டு ஒரு வேலை கற்றாள். கற்ற பிறகும் 'உனக்குத் தெரியாது' என்றார்கள். அந்த ஒரு சொல்லால் அவள் வீடு போனது, சக்கரம் போனது, களிமண் எடுக்கும் குழியும் போனது. எல்லாம் போன பிறகு, 'தெரிந்தும் சும்மா நின்றவள்' என்று ஊர் அவளையே ஏசியது.

தெரியாது என்றதும் அவளைத்தான். தெரிந்தும் நின்றாள் என்றதும் அவளைத்தான். இரண்டும் எப்படி ஒருத்திக்கே பொருந்தும்? காரிச்சியும் அதைத்தான் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் பெயர் சேந்தி. கதை அவளுடையது. அவள் வெட்கத்தினுடையது.

ஏரி வெட்டிய மன்னர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்ட காலம் அது. ஏரியைத் திறந்து மூடியவர்கள் பெயரை யாரும் எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. ஈங்கையூர் ஏரிக்குள், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு கல் தூண்கள் நின்றன. தூண்களுக்கு நடுவே, நீருக்கு அடியில், ஒரு கல் தொட்டி. அதன் மூடியில் ஒரு துளை. துளையை அடைக்க ஒரு மர முளை. முளையைப் பிடுங்கினால் ஏரித் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் உள்ள கல் மதகு வழியே வாய்க்காலுக்கு ஓடும். பிடுங்க வேண்டுமென்றால் ஒருவர் நீந்திப் போய் மூழ்கத்தான் வேண்டும். வேறு வழி இல்லை.

மூழ்குகிறவர் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இருக்கும். கயிறு கட்டியவர் பக்கத்தில் இல்லாமல், கயிறு இல்லாத கை முளையைத் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். கயிற்றைக் கட்டும் உரிமை ஏற்கனவே கட்டியிருப்பவருக்கு மட்டும்தான்.

சேந்தியின் அப்பா கட்டியிருந்தார். அவர் சேந்திக்குக் கட்டினார். அவர் போன பிறகு ஊரில் ஒரே ஒரு கயிறு மிஞ்சியது. அது இருபத்தேழு வயதுச் சேந்தியின் கையில் இருந்தது.

"ஒத்தக் கயித்துல ஒரு ஊரே தொங்குது. மூணு பேருக்காவது சொல்லிக் குடு தாயி," என்றார் சபைத் தலைவர் அரையன். சேந்தி சரி என்றாள்.

மூன்று பேர் வந்தார்கள். மூவரும் அவளைவிட மூத்தவர்கள். போரில் ஒரு காதை விட்டுவிட்டு வந்த கண்டன். வலை பின்னும் பொன்னாளி. பிறகு காரிச்சி, நாற்பத்தைந்து வயதுக் கைம்பெண், வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு.

சேந்தி முதலில் இரண்டு காவல்களைச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு காலைத் தூணில் பின்னிக்கொள்ள வேண்டும். முளை கழன்றதும் உள்ளங்கை துளைமேல் படக்கூடாது. இந்த இரண்டும் தவறினால் தண்ணீர் ஆளை உள்ளே இழுத்துவிடும், உயிர் போய்விடும். நியாயமான பேச்சு. இதில் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. இன்னும் மூன்று சேர்த்தாள். அடிச்சேறு கலங்கக்கூடாது. மேலே வரும்போது மூச்சு இரைக்கக்கூடாது. பிடுங்கிய முளை கையை விட்டுப் போகக்கூடாது.

மூன்றில் ஒன்று தவறினாலும் அவளிடம் ஒரு சொல் தயாராக இருந்தது.

"முதல்லேருந்து."

நீச்சலிலிருந்து, மூச்சுப் பிடிப்பதிலிருந்து, எல்லாம் முதலிலிருந்து.

கண்டன் ஒரு வருடம் தாங்கினான். "சண்டையில எதிரிகூட என்னை இவ்வளவு கேவலமாப் பாக்கல," என்று சொல்லிவிட்டு மாடு மேய்க்கப் போனான். பொன்னாளி இரண்டாம் வருடம் போனாள். ஒரு நாள் கரைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

காரிச்சி மட்டும் நின்றாள். மூழ்கினாள், திருகினாள், பிடுங்கினாள். இடப்பக்கம் ஒரு திருகு, வலப்பக்கம் ஒரு திருகு, பிறகு ஒரே இழுப்பு. முளை வந்துவிடும். ஆனால் தண்ணீர் பழுப்பாகிவிடும். அவளும் தும்மிக்கொண்டும் துப்பிக்கொண்டும் மேலே வருவாள்.

"முதல்லேருந்து," என்பாள் சேந்தி.

"ஏன் ஆசானே, தண்ணி போகுதா இல்லையா?"

"சேறு கலங்கிடுச்சுக்கா."

"சேறு வயலுக்குப் போனா எருதானே? உழவனுங்க கும்புடுவானுங்க."

"மூச்சு இரைக்குது."

"நாப்பத்தஞ்சு வயசுக்காரிக்கு இரைக்காம? இந்தா பாரு, நான் வனையுற பானையில பாதி கோணல். அதுலயும் சோறு வேகுது."

"கோணப் பானை உடைஞ்சா வேற பானை எடுத்துக்கலாம். ஏரி உடைஞ்சா எங்கே போய் எடுப்பே?"

காரிச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே மறுபடி மூழ்கினாள். மூன்று வருடத்தில் பதினோரு முறை முளையைப் பிடுங்கினாள். பதினோரு முறையும் கால் தூணில் இருந்தது. பதினோரு முறையும் கை துளைமேல் படவில்லை. உயிருக்கான காவல் இரண்டையும் அவள் ஒருநாளும் தவறவிடவில்லை. சேந்தி அதைப் பார்த்தாள். பார்த்தும் வாய் திறந்து ஒரு நாளும் சொல்லவில்லை.

இப்போது ராஜா வருகிறார்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சிற்றரசர் இருந்தார். அவருடைய ஏரியில் முளை இறுகிப்போயிற்று. யாராலும் அசைக்க முடியவில்லை. ஐப்பசி பிறந்ததும் சேந்திக்குப் பல்லக்கு அனுப்பினார். குடிசைப் பெண்ணுக்குப் பல்லக்கு! தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

புறப்படும்போது காரிச்சி மணிக்கட்டை நீட்டினாள்.

"மானம் கறுத்துக் கிடக்கு. கயித்தைக் கட்டிட்டுப் போயேன் சேந்தி."

"இன்னும் சுத்தமா வரலைக்கா. திரும்பி வந்து பாத்துக்கலாம்."

"நீ வரதுக்குள்ள ஏரி ரொம்பிட்டா?"

"நாலு நாள்ல வந்துடுவேன். அதுவரைக்கும் முளையைத் தொடாதே. ஏரித் தண்ணியைக் கையில அள்ளிச் சொல்லு."

காரிச்சி தண்ணீரை அள்ளினாள். தொடமாட்டேன் என்றாள். சேந்தி பல்லக்கில் ஏறினாள்.

அக்கரையில் அவள் ஒரே மூச்சில் மூழ்கி முளையை எடுத்தாள். தண்ணீர் கலங்கவில்லை, மூச்சு இரைக்கவில்லை, முளை கையை விட்டுப் போகவில்லை. அரசர் பட்டு போர்த்தினார். "இந்த நாட்டில் உன்னைப்போல் இன்னொருத்தி இல்லை," என்றார். சேந்திக்கு அது கரும்புச் சாறு போல இறங்கியது.

அன்று மாலை மழை பிடித்தது.

முதல் நாள் மழையில் ஆறு பெருகியது, பரிசல் நின்றது. இரண்டாம் நாள் மழையில் ஈங்கையூர் ஏரி நிரம்பியது. உபரி நீர் வழியும் கலிங்கு முழுவீச்சில் பாய்ந்தும் போதவில்லை. மூன்றாம் நாள் காலை, குயத்தெரு ஓரத்தில் கரை கசிந்தது.

ஊர் கரைமேல் கூடியது. காரிச்சி தண்ணீர் விளிம்பில் நின்றாள். இரண்டு தூண்களும் கண்ணெதிரே நின்றன. கை துடித்தது. ஆனால் அந்தக் கை தண்ணீர் அள்ளிச் சத்தியம் செய்த கை. கயிறு இல்லாத கை. 'உனக்கு வராது' என்று மூன்று வருடம் கேட்டுக் கேட்டு அதைத் தானே நம்பத் தொடங்கிவிட்ட கை. அவள் அசையவில்லை.

நண்பகலில் கரை உடைந்தது. ஓடுங்கள் ஓடுங்கள் என்று பானையைத் தட்டித் தெருவைக் கிளப்பியவள் அவள்தான். அதனால் ஆள் யாரும் சாகவில்லை. வீடுகள் போயின. பத்துக் குடும்பத்து விதைநெல் போயிற்று. காரிச்சியின் சக்கரம் எங்கே போனது என்று தெரியவில்லை. களிமண் குழியை மணல் மூடிவிட்டது. மண் இல்லாத குயத்தி என்ன செய்வாள்? சொல்லுங்கள்.

ஆறு வடிந்து சேந்தி ஊர் திரும்ப ஆறு நாளாயிற்று. தோளில் பட்டு. உடைந்த கரைமேல் அவள் நடந்து வந்தபோது யாரும் திட்டவில்லை. எல்லோரும் அந்தப் பட்டைப் பார்த்தார்கள். அவள் அதை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

சபை கூடியது. குற்றம் சொல்லப்பட்டது காரிச்சியின் மேல்.

"மூணு வருஷம் கத்துக்கிட்டவ. பொம்மை மாதிரி நின்னு வேடிக்கை பாத்தா!" என்று கத்தினார் விதைநெல் இழந்த ஒருவர். "இவளை ஊருக்குள்ள வெக்கக்கூடாது."

காரிச்சி எழுந்தாள். அன்று அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் ஊரைக் கேக்கல. சேந்தியைக் கேக்கறேன். அன்னிக்கு எனக்கு அந்த வேலை தெரியுமா, தெரியாதா?"

சேந்தி கூட்டத்தைப் பார்த்தாள். தெரியும் என்றால், தெரிந்தவளுக்கு ஏன் கயிறு கட்டவில்லை என்று கேட்பார்கள். தெரியாது என்றால், காரிச்சிமேல் பழி இல்லை. தன்மேலும் பழி இல்லை. எவ்வளவு வசதி!

"முழுசாத் தெரியாது," என்றாள் சேந்தி. "அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க."

ஊர் தணிந்தது. தெரியாதவள் என்ன செய்வாள் பாவம் என்றார்கள். காரிச்சியைத் தள்ளி வைக்கவில்லை. காரிச்சி மட்டும் அடி வாங்கியவள்போல நின்றாள்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லலடி உன்னை," என்றாள் மெதுவாக. "பதில்தான் கேட்டேன்."

அதன் பிறகு சேந்திக்குச் சோறு இறங்கவில்லை. கரையை அடைக்க ஊரே மண் சுமந்தது. அவளும் சுமந்தாள். எல்லோரும் அவளிடம் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதை முள்ளாகக் குத்தியது.

ஒரு நாள் ஒரு மரக்கால் அரிசி எடுத்துக்கொண்டு காரிச்சி தங்கியிருந்த ஓலைக்கொட்டகைக்குப் போனாள். காரிச்சி எங்கிருந்தோ கொண்டுவந்த மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தாள். மணல் கலந்த மண். விரலுக்குள் நிற்காமல் உதிர்ந்தது.

"அரிசி வேணாம். அன்னிக்குக் கேட்டதுக்குப் பதில் கொண்டாந்தியா? எனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தே அக்கா... இன்னும் கொஞ்ச நாள்..."

"அந்தக் கொஞ்ச நாள் எப்ப முடியும்? நான் செத்தப்புறமா?"

சேந்தி அரிசியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள். கால் தானாக ஏரிக்கரைக்குப் போயிற்று. தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநாளாக அமுக்கி வைத்திருந்த ஒரு நாளின் நினைவு, அப்போது தானாக மேலே வந்தது.

அவளுக்குப் பதினாறு வயது. முதல்முறை மூழ்கிய நாள். சேறு குழம்பாகக் கலங்கி ஏரியில் பாதி பழுப்பாகிவிட்டது. மூக்கில் ரத்தம் வழிய, அலறிக்கொண்டு மேலே வந்தாள். முளை கையை விட்டுப் போய், தண்ணீரில் மிதந்து மிதந்து ஏரியின் எதிர்க்கரை நாணலில் ஒதுங்கியது. அப்பா அதை நீந்திப் பிடித்துக்கொண்டு வந்தார். வழி நெடுகச் சிரித்தார்.

"காலு தூண்ல இருந்துச்சா? கை துளையில படலியே? தண்ணி போகுதா? போதும் புள்ள. மிச்சமெல்லாம் ஏரி சொல்லிக் குடுக்கும்."

அன்று மாலையே கயிறு கட்டினார்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'சேந்தி முதல் நாளே ஒரு துளி கலங்காமல் எடுத்தாளாம்' என்று ஊர் தானாக ஒரு கதை கட்டியது. அவள் மறுக்கவில்லை. வருடங்கள் போகப் போக அவளே அதை நம்பினாள். அந்தப் பொய்யை அளவுகோலாக வைத்து மூன்று பேரை அளந்தாள்.

அக்கரை அரசர் சொன்னது நினைவுக்கு வந்தது. உன்னைப்போல் இன்னொருத்தி இல்லை. ஆமாம், இல்லை. வரவிடாமல் பார்த்துக்கொண்டவள் அவளேதான். காரிச்சி முளையோடு மேலே வரும் ஒவ்வொரு முறையும் தன் நெஞ்சுக்குள் ஏதோ கசந்தது அவளுக்கு இப்போது தெரிந்தது. சேறு கலங்கியிருப்பதைக் கண்டதும் அந்தக் கசப்பு நீங்கி நிம்மதி வந்ததும் தெரிந்தது. வேலைமேல் உள்ள அக்கறை என்று இத்தனை நாள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

கரைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மூடிக்கொண்டாள்.

இங்கே யாராவது எழுந்து, 'நுணுக்கமாகச் சொல்லிக் கொடுப்பது தவறா?' என்று கேட்கலாம். தவறே இல்லை. உயிருக்கான இரண்டு காவலை அவள் விட்டுக்கொடுத்திருந்தால் நானே அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். மற்ற மூன்றும் யாருக்காக? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கதை காத்திருக்காது, ஏனென்றால் கார்த்திகை மழை தொடங்கிவிட்டது.

புதுக்கரை ஈரம் காயவில்லை. ஏரி இரண்டே நாளில் முக்கால் ஏறிவிட்டது. பொழுது விடிந்ததும் அரையன் ஊரைக் கரைக்கு அழைத்தார்.

"சேந்தி, எறங்கு தாயி. இன்னும் ஒரு சாண் ஏறினா இந்த மண்ணு தாங்காது."

சேந்தி தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து, காரிச்சியின் கையைப் பிடித்து, அதில் கட்டினாள். அவசரத்தில் முடிச்சு கோணலாக விழுந்தது. அவிழ்த்து மறுபடி கட்டக் கை போயிற்று. நிறுத்திக்கொண்டாள்.

"நீ எறங்குக்கா. நான் தூண் பக்கத்துல நிக்கறேன்."

கூட்டம் கொதித்தது. "இதென்ன விளையாட்டா? அவளுக்குத்தான் தெரியாதுன்னு நீயே சொன்னியே!"

காரிச்சி கயிற்றைப் பார்த்தாள். சேந்தியைப் பார்த்தாள்.

"கயிறு ஊமைடி. நான் கேட்டதுக்கு வாய்தான் பதில் சொல்லணும்," என்றாள். "ஏரி காத்திருக்காது. மேல வந்து கேட்டுக்கறேன்."

இருவரும் நீந்தினார்கள். சேந்தி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டாள். காரிச்சி மூச்சை இழுத்து மூழ்கினாள்.

சேந்தி நீருக்குள் தலையைத் தாழ்த்திப் பார்த்தாள். காரிச்சியின் கால் தூணில் பின்னியது. சரி. இடப்பக்கம் ஒரு திருகு. முளை அசையவில்லை. வலப்பக்கம் ஒரு திருகு. அசையவில்லை. சேறு புகைபோல எழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. பழுப்பு மட்டும்தான்.

சேந்தி தலையைத் தூக்கினாள். நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. பழக்கம் அப்படி. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னும் பத்து எண்ணிவிட்டுத் தானும் மூழ்குவதென்று தூணை இறுகப் பிடித்தாள். எட்டு எண்ணும்போது முளை முதலில் மேலே வந்தது. பிறகு காரிச்சி வந்தாள். இருமினாள், தும்மினாள், துப்பினாள், ஊர் கேட்க ஏரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். இரண்டு கையும் முழுசாக இருந்தன.

தூண்களுக்கு நடுவே தண்ணீர் சுழிக்கத் தொடங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் நின்றவர்கள், "வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!" என்று கூவினார்கள்.

முளை மிதந்து மிதந்து எதிர்க்கரை நாணலைப் பார்த்துப் போனது. சேந்தி அதன் பின்னே நீந்தினாள். அப்பா சிரித்தபடி நீந்திய அதே வழி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. நீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? முளையை மார்போடு அணைத்துக்கொண்டு கரை ஏறினாள்.

காரிச்சி ஈரப்புடவையோடு, ஊருக்கு நடுவில் நின்றாள். மூக்கில் லேசாக ரத்தம். மேலெல்லாம் சேறு.

"மூணாந்தடவை கேக்கறேன்," என்றாள். "இன்னிக்கு இல்ல. கரை உடைஞ்ச அன்னிக்கு. எனக்குத் தெரியுமா, தெரியாதா?"

சேந்தி முளையைக் காரிச்சியின் காலடியில் வைத்தாள். தலை நிமிர முடியவில்லை. முயன்று நிமிர்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தெரியும்க்கா. கரை உடைஞ்ச அன்னிக்கும் தெரியும், அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியும். முளையைத் தொடாதேன்னு தெரிஞ்சவ கையைக் கட்டிப் போட்டது நான். நான் மொதமொதல்ல மூழ்கினப்போ உன்னைவிட மோசமா கலக்கினேன், மூக்குல ரத்தத்தோட அலறிக்கிட்டு வந்தேன், அப்படி இருந்தும் எங்கப்பா அன்னிக்கே எனக்குக் கயிறு கட்டினாரு. அதை இந்த ஊர்கிட்டே மறைச்சேன். கண்டன் அண்ணனும் பொன்னாளி அக்காவும் இன்னிக்கே தண்ணிக்கு வரட்டும், அவங்க காலையும் கையையும் மட்டும் நான் பாத்துக்கறேன். ஊரே கேட்டுக்கோங்க: சொல்லிக் குடுக்கறவ, குறையே இல்லாம வந்தாத்தான் ஒப்புக்குவேன்னு பிடிவாதம் பிடிச்சா, கத்துக்கிட்ட கையும் கட்டுண்டு நிக்கும், அந்தக் கையை நம்பின ஊரும் முழுகிப்போகும்."